சீனி முகம்மதுவின் ஈரல்

எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. பச்சைப் பெயிண்டில் வெள்ளை எழுத்து: "ரத்தம் யாருடையதோ அவரே நேரில் வரவும்." புதிதாக வேலைக்குச் சேரும் டாக்டர்கள் முதல் நாளே அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். "அக்கா, இனிமே எல்லாம் பார்கோடுதானாம். அந்தப் பலகையக் கழத்திரலாமான்னு கேக்குறாக. அத எதுக்குக்கா வச்சீங்க?" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். பலகையைக் கழற்றுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் சண்முகவள்ளி. முப்பத்தொரு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பதினாறு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரி தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் கடலோரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு மீன் கொடுத்தனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்தது திருப்புல்லாணிப் பக்கம். மதுரையில் இரண்டு வருஷம் டிப்ளமா படித்தேன். அதை அய்யா ஊரில் "டாக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தார். லீவுக்குப் போகும்போதெல்லாம் மூட்டுவலிக்கும் மலச்சிக்கலுக்கும் நான் வைத்தியம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் உருப்படியாகக் கற்றது, நரம்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான்.

ஒரு நாளைக்கு எண்பது பேர், திங்கட்கிழமை என்றால் நூறு பேர் வருவார்கள். சீட்டைப் பார்த்துப் பேரைக் கூப்பிடுவேன், ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வரும். ரப்பர் பட்டையைக் கட்டுவேன், தடவுவேன், குத்துவேன், பஞ்சை வைப்பேன், அடுத்த பேரைக் கூப்பிடுவேன். முகத்தைப் பார்க்க நேரம் ஏது? சீட்டில் வயசு எழுதியிருக்கும். ஆனால் எங்கள் ஓ.பி. சீட்டில் எழுதியிருக்கும் வயசை அந்த ஆளே நம்ப மாட்டார். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் ஆள் தெரியாமல் விழிப்பேன். அவரே சட்டைக் கையை மடித்துக் காட்டினால், "ஓ, நீங்களா" என்பேன். இதை ரொம்ப நாள் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டதும், முகம் என்ற ஒன்று என் வேலையை விட்டே போய்விட்டது.

எங்கள் பெரிய டாக்டர் பூமிநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவகங்கைப் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். கத்தவே மாட்டார். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். "நீ" என்று பேசினால் பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். "நீங்க" என்றால் ஏதோ சரியில்லை. "தாங்கள்" என்று ஆரம்பித்துவிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். துப்புரவுப் பணியாளர் ஒருவரை ஒரு முறை "தாங்கள்" என்று அழைத்துவிட்டார். அவர் மறுநாள் வேலைக்கே வரவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் அனுப்புகிற ரிப்போர்ட்டை உடனே பார்க்க மாட்டார். கவிழ்த்து மேஜையில் வைத்து அதன்மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொள்வார். நோயாளியின் கண் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொல்வார், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். அப்புறம் கவிழ்ந்திருக்கும் தாளின் முதுகில் பென்சிலால் ஒரு எண் எழுதுவார். அதற்குப் பிறகுதான் தாளைத் திருப்புவார். அவர் எழுதியதும் என் மெஷின் சொன்னதும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். ரொம்பத் தள்ளி இருந்தால், "ஒண்ணு நா முட்டாளு, இல்லாட்டி ஒன் மெஷினு முட்டாளு. யாருன்னு பாத்துட்டு வா வள்ளி" என்று திருப்பி அனுப்புவார். நான் முறைத்துக்கொண்டே போய் மறுபடியும் ஓட்டுவேன்.

இனி சீனி முகம்மது பாய். அறுபத்தாறு வயது. இளம் வயதில் சரக்குக் கப்பலில் ஊர் ஊராகப் போனவர். ஊரோடு வந்து சேர்ந்த பிறகு கடற்கரையில் மீன் ஏலம் கூறினார். அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. குரல் இருந்ததால் அவரே எடுத்துக்கொண்டார். அவருடைய இருதயம் திடீரென்று தாளம் தப்பி ஓடத் தொடங்கும். மதுரையில் இருந்த இருதய டாக்டர் அமியோடரோன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார்.

துடிப்பை ஒழுங்கில் வைப்பதற்கு நல்ல மாத்திரைதான். ஆனால் வேலை இருதயத்தில் என்றாலும் அது அங்கே மட்டும் நிற்காது. தைராய்டைத் தொடும், நுரையீரலைத் தொடும், ஈரலைத் தொடும். வருஷக் கணக்கில் சாப்பிட்டுக்கொண்டு வெயிலிலும் நிற்கிறவர்களுக்குத் தோலில் ஒரு நீலச்சாம்பல் நிறம் ஏறிவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து ஈரலைப் பார்த்தே ஆக வேண்டும். அதில் எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு எண் வரும். நாற்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை. அதைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் மாத்திரையைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும்.

பாய் மாதா மாதம் எங்கள் பெரிய டாக்டரிடம் வந்து உடம்பைக் காட்டி மாத்திரை வாங்கிப் போவார். டெஸ்ட் சீட்டை அவர் மகள் ஆமினா வாங்கிக்கொள்வாள். மறுநாள் காலையில் "சீனி முகம்மது" என்று நான் கூப்பிட்டால் ஒரு கை உள்ளே வரும். நல்ல கை அது. நரம்பு கயிறு மாதிரி மேலேயே ஓடும், கண்ணை மூடிக்கொண்டே குத்தலாம். முதல் தடவை எஸ்.ஜி.பி.டி. பத்தொன்பது வந்தது. டாக்டர் தாளின் முதுகில் முப்பது என்று எழுதியிருந்தார், பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு மாதம் கழித்து அவர் அறுபது என்று எழுதினார், மெஷின் பதினேழு என்றது. மறுபடி ஓட்டச் சொன்னார், ஓட்டினேன், அதே பதினேழு. அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதருக்கு இப்படி ஒரு ஈரலா என்று நான் ஆச்சரியப்பட்டது ஞாபகம் இருக்கிறது. இரண்டு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது தடவை ரிப்போர்ட்டை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பியூன் வந்து நின்றார். "டாக்டர் ஒங்கள 'தாங்கள்'னு சொல்லிக் கூப்புடுறாரு" என்றார்.

போனேன். தாளின் முதுகில் நூற்று எண்பது என்று எழுதியிருந்தது. திருப்பினால் என் கையெழுத்துக்கு மேலே பதினெட்டு. "சண்முகவள்ளி அவர்களே, இந்த மனுசனுக்கு ஒரு மாசமாப் பசி இல்ல, குமட்டுது, ஈரல் ரெண்டு விரல் கீழ எறங்கி இருக்கு. தாங்கள் பதினெட்டுன்னு எழுதியிருக்கீங்க. தங்கள் மெஷினை ஒரு தடவ பரிசோதிக்க இயலுமா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. என் மெஷினை யாரும் ஒரு சொல் சொன்னால் பொறுக்க மாட்டேன். அந்த மதியம் முழுவதும் லேப்பைத் தலைகீழாகப் புரட்டினேன். மெஷினைச் சரிபார்ப்பதற்கென்றே எண் தெரிந்த திரவம் ஒன்று வரும், அதை ஓட்டினேன், சரியாக இருந்தது. பிரிட்ஜிலிருந்து புது மருந்துப் புட்டி உடைத்து மறுபடி ஓட்டினேன், சரியாக இருந்தது. பிறகு என் ரத்தத்தை நானே எடுத்து ஓட்டினேன், இருபத்திரண்டு. மருந்தாளுநர் ரத்தம் கொடுத்தார், தொண்ணூறு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நர்சுகள், பியூன், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று வரிசை நின்றுவிட்டது. இலவசமாக ஈரல் பார்க்கிறார்கள் என்று வெளியே யாரோ சொல்லி, டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கடைசியில் நான் டாக்டரிடமே போய்க் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். எழுபத்தொன்று வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் சாப்பிட வாங்கி வைத்திருந்த வடைப் பொட்டலத்தைப் பியூனிடம் தள்ளிவிட்டார். மெஷின் மட்டும் யாருக்கும் முகம் பார்த்துச் சொல்லவில்லை என்று நிரூபித்துவிட்டேன்.

"சரி, மெஷினு முட்டாளு இல்ல" என்றார் டாக்டர். "நாளைக்கு அவரையே வரச் சொல்றேன். என் கண்ணு முன்னால எடு."

மறுநாள் காலை டாக்டர் அறையில் சீனி முகம்மது பாய் உட்கார்ந்திருந்தார். அறைக்கு வெளியே அவரை நான் பார்த்திருக்கலாம், பார்த்ததாக ஞாபகம் இல்லை. நெற்றியும் மூக்கும் கன்னமும் நீலச்சாம்பலாக இருந்தன, மழைக்கு முந்தின கடலின் நிறம். நான் கீழே குனிந்து பட்டையைக் கட்டினேன். முழங்கைக்குக் கீழே அதே நிறம் ஏறிய கை. விரலை வைத்துத் தடவினேன். கயிறு மாதிரி நரம்பைக் காணோம். எங்கேயோ ஆழத்தில் ஒன்று இருந்தது, தொட்டால் நழுவியது. இந்தக் கையை நான் வாழ்க்கையில் தொட்டதே இல்லை என்று விரல் சொன்னது.

"பாய், முந்தாநாள் ஒங்களுக்கு எந்தக் கையில எடுத்தேன்?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க தாயி எடுத்தீக? டெஸ்ட்டெல்லாம் மாப்பிள்ளதான பாத்துக்கிறாரு" என்றார் அவர். ரேஷனுக்குப் போவது மாப்பிள்ளை, கேஸ் பதிவது மாப்பிள்ளை, அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். என்னிடம், "மாப்பிள்ளைக்கு ஈரல் நல்லா இருக்கு. அத எழுதி வச்சுக்க" என்றார். பிறகு பாயின் பக்கம் திரும்பி, "தாங்கள் தங்கள் மகளையும் மருமகனையும் வரச் சொல்ல முடியுமா?" என்றார்.

நான் பாயின் ரத்தத்தை எடுத்தேன். சிவப்பு மூடி போட்ட குழாயில் ஐந்து மில்லி. அரை மணி நேரம் உறைய விட்டு, மெஷினில் சுற்றி, தெளிந்து மேலே நிற்கும் நீரைப் பிரித்து ஓட்ட வேண்டும். அந்த அரை மணி நேரம் நான் குழாயை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தெளிந்த நீர் வழக்கமான வெளிர்மஞ்சளாக இல்லை, நல்ல மஞ்சளாக இருந்தது. எஸ்.ஜி.பி.டி. இருநூற்றுப் பதினான்கு. இன்னொரு தடவை ஓட்டினேன், இருநூற்றுப் பதினாறு. ஒரு வருஷமாக அந்த மனிதரின் ஈரல் உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறது, நான் யாருடைய நரம்பையோ மெச்சிக்கொண்டு பத்தொன்பது, பதினேழு, பதினெட்டு என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் ரிப்போர்ட் நனையும் என்று அடக்கிக்கொண்டேன்.

தாளோடு நான் போனபோது ஆமினாவும் அவள் கணவர் சாகுலும் டாக்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சாகுலுக்கு நாற்பது வயதிருக்கும். மாஸ்க் போட்டிருந்தார். சட்டைக் கை மடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும், "ஓ, நீங்களா" என்று என் வாயில் வந்துவிட்டது.

ஆமினா எதையும் மறைக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு தனியார் டாக்டர், ஈரல் எண் ஐம்பதுக்குப் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிறுத்திவிட்டு யாரையும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்த பாய் அப்படியே சரிந்துவிட்டார். மதுரைக்குப் போகிற வழியில் ஆம்புலன்சில் நெஞ்சில் கரண்ட் வைத்துத்தான் மீட்டிருக்கிறார்கள். வண்டியில் கூட இருந்தது ஆமினா. மறுபடி மாத்திரை ஆரம்பித்தபோது மதுரை டாக்டர் சொன்னதை அவள் தன் வழியில் புரிந்துகொண்டாள். டெஸ்ட் கெட்டால் மாத்திரை நிற்கும், மாத்திரை நின்றால் வாப்பா போய்விடுவார், ஆகவே டெஸ்ட் கெடக் கூடாது.

"அதுக்காக வீட்டு ஆம்பளைக எல்லாத்தையும் ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு லேப்புல ஈரல் பாத்தோம் டாக்டர்" என்றாள். "எங்க பெரிய காக்காவுக்கு, மூத்த அண்ணனுக்கு, எம்பத்தெட்டு. துபாய்ல ஓட்டல் சாப்பாடு. சின்ன காக்காவுக்குக் கொழுப்பு ஈரல்னுட்டாக. இவுகளுக்குத்தான் பதினெட்டு. அதான் இவுகள முடிவு பண்ணுனோம்."

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு நா பரோட்டா தின்னு சார்" என்றார் சாகுல். இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்காமல் ரொம்ப நாளாகத் தவித்தது குரலில் தெரிந்தது. "கல்யாண வீட்டுக்குப் போனா எனக்கு மட்டும் ரசஞ்சோறு. வீட்டுல தெனம் கீரை. காய்ச்சல் வந்தப்பக் கூட மாத்திரை குடுக்கல, ஈரல் கெட்டுரும்னு நெத்தியில துணியப் போட்டு விட்டுட்டாக. மாமா எதுத்தாப்புல ஒக்காந்து கறி திம்பாரு. ஆனா சார், ஒரு தடவ கூட நா பெயிலானதில்ல."

டாக்டர் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பதா, "தாங்கள்" என்பதா என்று அவருக்கே புரியவில்லை. "ஏம்மா, ஒருத்தர் ஒடம்புக்கு இன்னொருத்தர் ரத்தத்தக் காட்டுனா எப்படிம்மா செல்லும்?" என்று கேட்டார்.

"வாப்பாவால ஹஜ்ஜுக்குப் போக முடியலைன்னு மாமு பதிலுக்குப் போயிட்டு வந்தாக. ஹஜ்ஜே செல்லுது. இது ஒரு குழாய் ரத்தம்" என்றாள் ஆமினா.

நான் சிரிக்கவில்லை. என் அண்ணன் ராமேஸ்வரம் போனபோது இருபத்திரண்டு தீர்த்தத்திலும் தனக்கு ஒரு வாளி, படுத்திருந்த அய்யாவுக்கு ஒரு வாளி என்று நாற்பத்து நாலு வாளி தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டு, சளி பிடித்து ஒரு வாரம் கிடந்தவர். அய்யாவுக்குப் புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் முடியாதவருக்காக முடிந்தவர் போவது வழக்கம்தான். எந்த ஜன்னலோடு அந்த வழக்கம் நின்றுவிடுகிறது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த நான்.

டாக்டர் இருநூற்றுப் பதினான்கைக் காட்டினார். தன் பென்சில் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்ததில் அவருக்கு அன்றைக்குச் சந்தோஷம் இல்லை. ஆமினா அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மாத்திரைய நிறுத்துனா வாப்பா மவுத்தாயிருவாக. நிறுத்தாட்டி ஈரல் போயிரும்கிறீங்க. இப்ப நா எந்தப் பக்கம் திரும்பி அழுகுறது?" என்றாள்.

பூமிநாதன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இங்க பாரு தாயி" என்றார். "இந்த மாத்திரை லேசுல ஒடம்ப விட்டுப் போகாது. கொழுப்புக்குள்ள போயி ஒக்காந்துக்கிரும். இன்னைக்கு நிறுத்துனாலும் வாரக் கணக்கு, மாசக் கணக்குல கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறங்கும். போன தடவ அதனாலதான் ரெண்டு மாசம் கழிச்சு விழுந்தாரு. அப்ப மாத்திரைய நிறுத்துனது மட்டும் தப்பில்ல, நிறுத்திட்டுச் சும்மா இருந்ததுதான் பெரிய தப்பு. இந்தத் தடவ சும்மா இருக்கப் போறதில்ல. அது எறங்குறதுக்குள்ள நெஞ்சுக்குள்ள ஒரு சின்னப் பெட்டி வச்சுருவோம். துடிப்பு தப்புனா அதுவே கரண்ட் குடுத்துத் திருப்பிரும். ஆம்புலன்ச உள்ளயே வச்ச மாதிரி."

அங்கேயே மதுரைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு, ஆமினாவையும் கேட்க வைத்தார். மாத்திரை அன்றே நின்றது. பெட்டி வைக்கத் தேதி கேட்டு, காப்பீட்டு அட்டைக்கு எழுதி, அதுவரை வாரா வாரம் ஈரலைப் பார்ப்பது என்று முடிவானது. போகும்போது சாகுல் என்னிடம் மெதுவாக, "அப்ப அடுத்த வாரம் நா வர வேணாமாக்கா?" என்று கேட்டார். வர வேண்டாம் என்றேன். நிம்மதிப்படுவார் என்று எதிர்பார்த்தேன், ஆனால் வேலை போன மாதிரி நின்றார்.

பலகை அந்த வாரம்தான் மாட்டப்பட்டது. வாசகம் டாக்டருடையது. அதற்குப் பிறகு நான் ஜன்னலை மூடிவிட்டு ஆளை உள்ளேயே வரச் சொன்னேன். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி முகத்தைப் பார்ப்பேன், பேர் என்ன, தகப்பனார் பேர் என்ன என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்வேன், பிறகுதான் பட்டையைக் கட்டுவேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். முதல் வாரம் கூட்டம் என்னைத் திட்டித் தீர்த்தது. விசாரித்துப் பார்த்ததில் இன்னும் நான்கு பேர் அடுத்தவருக்காகக் கையை நீட்டப் பழகியிருந்தார்கள். ஒரு அம்மா, மகனுக்குச் சர்க்கரை டெஸ்ட் நாளன்று தூக்கம் கெடக் கூடாது என்று தானே வந்திருந்தாள். மகனுக்கு முப்பத்தாறு வயது.

வாரா வாரம் பாய் நேரில் வந்தார். அந்த ஆழத்து நரம்பு எனக்குப் பழகிவிட்டது. இருநூற்றுப் பதினான்கு, இருநூற்று மூன்று, மறுபடி இருநூற்றுப் பத்து, நூற்று எழுபது. டாக்டர் சொன்ன மாதிரியே அது இறங்க மனசில்லாமல் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ஆமினா எண்ணைக் கேட்டுவிட்டு அதோடு வாப்பாவின் நெஞ்சில் காதை வைத்தும் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். ஐந்தாவது வாரம் மதுரையில் பெட்டி வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, தோலுக்கு அடியில் மேடு தெரியும். பாய் அதை எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார்.

அந்தப் பெட்டி வேலை செய்கிறதா என்ற சந்தேகம் மூன்றாம் மாதம் தீர்ந்தது. வீட்டில் இருங்கள் என்று சொன்னதைக் கேட்காமல் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஏலத்துக்குப் போயிருக்கிறார். நண்டுக் கூடை ஒன்றை ஏலம் கூறிக்கொண்டிருக்கும்போது துடிப்பு தப்பியிருக்கிறது, கண் இருட்டியிருக்கிறது, பெட்டி நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு உதை விட்டிருக்கிறது. அவர் "ஏ" என்று போட்ட கூச்சலில் எதிரே நின்றவர் ஏலம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாய் மணலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த கூடையைக் கொண்டு வரச் சொன்னாராம். மதுரையில் பெட்டியின் பதிவை எடுத்துப் பார்த்து, அது உதைத்திராவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும் என்றார்கள். ஆமினா அன்றைக்கு எங்கள் லேப்புக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

எட்டு மாதம் கழித்து எஸ்.ஜி.பி.டி. முப்பத்தாறு வந்தது. நான் மூன்று தடவை ஓட்டினேன். பெரிய டாக்டர் அதற்குள் மாற்றலாகிச் சிவகங்கைக்கே போயிருந்தார். போனில் எண்ணைச் சொன்னேன். "யாரு ரத்தம்?" என்று கேட்டார். பாயுடையதுதான், முகத்தைப் பார்த்து எடுத்தேன் என்றேன். பிறகு, "நல்லது வள்ளி. நீ சாப்பிட்டயா?" என்றார்.

மறுநாள் நான் லேப்பைப் பூட்டப் போகிற நேரத்தில் பாய் வந்தார். கூடச் சாகுலும் வந்திருந்தார், வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. பாய் கையில் அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார். முகம் தொங்கியிருந்தது.

"ஊருல ஒரு பய நம்ப மாட்டேங்குறான் தாயி" என்றார். "கடக்கரையில காட்டுனேன். யாரு ரத்தம் காக்கா இது, மாப்பிள்ளதா, பேரனுதான்னு கேக்குறாய்ங்க. பள்ளிவாசல்ல காட்டுனேன், பாங்கு சொல்ற மோதினாரே சிரிக்கிறாரு. எட்டு மாசம் நா வாயக் கட்டி வாங்குன முப்பத்தாறு. அதுவும் மாப்பிள்ள கணக்குல போயிருச்சு."

நான் அவரை உட்காரச் சொன்னேன். ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்து வாய் வராமல் இருந்ததை அன்றைக்குச் சொன்னேன். "பாய், அந்த மூணு பொய் ரிப்போர்ட்டுலயும் ஒங்க பேருக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு. ஆளப் பாக்காமப் போட்டேன். ஒரு வருசம் ஒங்க ஈரல் கெட்டதுக்கு ஆமினா மட்டும் காரணம் இல்ல. நானுந்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நீலம் கொஞ்சம் வெளிறியிருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்ப இதுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க தாயி" என்றார். "ஆளப் பாத்துப் போடுங்க."

அப்படி ஒரு சான்றிதழ் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை எடுத்தேன். "மேற்படி ரத்தம் மேற்படி சீனி முகம்மது அவர்களிடமிருந்து, அவருடைய முகத்தை நேரில் பார்த்து, அவருடைய கையிலிருந்து என்னால் எடுக்கப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, லேப் முத்திரையைக் குத்தினேன். பாய் அதை வாங்கி வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"நல்ல ரத்தம்னு ஒரு வரி சேத்துக்கங்க தாயி."

சேர்த்தேன்.